அச்சோவியக் கலை

முத்திரை ஒன்றை ஈரக் களிமண்ணில் அழுத்தி எடுத்தால் அதன் உருவம் களிமண்ணில் பதிந்து நிற்கின்றது. சிந்துவெளியில் வாழ்ந்த மக்கள் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இதனை அறிந்திருந்தனர். கல்லில் எருதின் உருவத்தைச் செதுக்கினர். அதனைக் களிமண்ணில் பதித்தனர். முத்திரை ஒன்று, அது தந்த உருவங்களோ பல. ஓர் உருவத்தை ஒரு பொருளில் வெட்டி அமைத்து, மற்றொரு பொருளில் பதித்து எடுக்கும் இவ்வெளிய செயலே அச்சோவியம் என்னும் அரிய கலைக்கு வித்து ஆகும்.

ஓவியன் சுவரிலோ துணியிலோ தாளிலோ நேரே வண்ணம் தீட்டுகின்றான். அவன் நினைத்ததைத் தூரிகை உடனே காட்டிவிடுகின்றது. அச்சோவியனுக்கு அவ்வசதி இல்லை. அவன் முதலில் மரப்பலகையையோ செப்புத் தகட்டையோ கல்லையோ எடுத்துக்கொள்கின்றான், அதன்மேல் உருவத்தை அமைக்கின்றான், மை தடவுகின்றான், தாளை வைத்து அழுத்துகின்றான், பின்னரே தாளைத் தூக்கிப் பார்க்கின்றான். அவனது எண்ணத்திற்கும் தாளுக்கும் இடையே வேறொரு பொருள் நிற்கின்றது. அப்பொருளுக்கெனத் தனி இயல்பு உண்டு. மரத்தில் நார் ஓடும் திசை உண்டு. செம்பு வன்மை உடையது. கல் நீரையும் எண்ணெயையும் தன்னுள் ஏற்கும். அவ்வியல்புகளை அறிந்து, அவற்றோடு இணங்கிப் பணியாற்றுகின்றவனே நல்ல அச்சோவியன் ஆவான்.

அச்சிட்ட படம் அனைத்தும் அச்சோவியம் ஆகிவிடாது. இரவிவர்மா 1894-ஆம் ஆண்டில் பம்பாயில் ஓர் அச்சகம் நிறுவினார். அவர் வண்ணத்தில் தீட்டிய திருமகள், கலைமகள் முதலிய படங்கள் அங்கு ஆயிரக்கணக்கில் அச்சாகி ஏழைகளின் வீட்டுச் சுவர்களையும் அடைந்தன. அது பெரும்பணியே. எனினும் அங்கு ஓவியம் முன்னரே முடிந்துவிட்டது. அச்சு அதற்குப் படி எடுத்துத் தந்தது. அச்சோவியத்தில் அவ்வாறு முன்னரே முடிந்த ஓவியம் எதுவும் இல்லை. தகட்டின்மேல் தொடங்கிய பணி தாளின்மேல்தான் நிறைவு பெறுகின்றது. ஆதலின் அதன் ஒவ்வொரு படியும் மூல ஓவியமாகவே மதிக்கப்படுகின்றது.

இக்கலையில் தொன்றுதொட்டு வரும் முறைகளுள் மூன்று தலையாயவை. முதலாவது மேட்டு அச்சு. மரப்பலகையில் வேண்டாத இடங்களை உளியால் வெட்டி நீக்கிவிட்டு, எஞ்சிய மேட்டில் மை தடவித் தாளில் பதிப்பது இம்முறை. வெட்டிய பள்ளம் தாளில் வெண்மையாக நிற்கும். விட்ட மேடு கருமையாகப் பதியும். இரண்டாவது பள்ள அச்சு. செப்புத் தகட்டிலோ துத்தநாகத் தகட்டிலோ கோடுகளைப் பள்ளமாகக் கீறி, அப்பள்ளத்தில் மையை நிரப்பித் தாளில் ஏற்றுவது இம்முறை. இங்குப் பள்ளமே கருமையாகப் பதியும். மூன்றாவது கல்லச்சு. இதனை 1790-களில் செருமனி நாட்டில் செனபெல்டர் என்பார் கண்டுபிடித்தார். எண்ணெயும் நீரும் ஒன்றோடு ஒன்று கலவா என்பது சிறுவரும் அறிந்த உண்மை. அவ்வுண்மையே கல்லச்சுக்கு அடிப்படை. சுண்ணக்கல்லின்மேல் கொழுப்புள்ள கோலால் வரைந்து, கல்லைப் பதப்படுத்தி நீரால் நனைத்தால், வரைந்த இடம் நீரை ஏற்காது. வெற்றிடம் நீரை ஏற்கும். பின்னர் எண்ணெய் மை பூசினால் அது வரைந்த இடத்தில் மட்டுமே ஒட்டும். மேடும் இல்லை; பள்ளமும் இல்லை; சமதளத்திலேயே படம் அமைகின்றது.

கலைக்கல்லூரியில் அச்சோவியம் கற்கப் புகும் மாணவன் இம்முறைகளைக் கையால் செய்தே அறிய வேண்டும். பள்ள அச்சின் ஒரு வகையை அவன் கற்கும் வழி இது: செப்புத் தகட்டின் ஓரங்களை முதலில் அரத்தால் சரிவாக்குகின்றான். கூரிய ஓரம் தாளைக் கிழிக்கும். ஆகையால் இப்பணியில் சோம்பல் கூடாது. பின்னர்த் தகட்டை எண்ணெய்ப் பசை சிறிதும் இன்றித் துடைக்கின்றான். விரல் பட்ட இடத்திலும் மெழுகு ஒட்டாது. தூய தகட்டைச் சூடாக்கி, அமிலத்தைத் தாங்கும் மெழுகுப் பூச்சை அதன்மேல் மெல்லியதாகப் பரப்புகின்றான். பூச்சு ஆறியதும் ஊசியால் அதில் வரைகின்றான். ஊசி மெழுகை நீக்குகின்றது. அதன் அடியிலிருந்து செம்பு மின்னுகின்றது. வரைந்து முடிந்த தகட்டை அமிலத்தில் இடுகின்றான். மெழுகு மூடிய இடத்தை அமிலம் தொடாது. திறந்த கோட்டை மட்டும் அரித்துப் பள்ளமாக்கும்.

இங்குத்தான் மாணவனின் பொறுமைக்குச் சோதனை தோன்றுகின்றது. தகடு சிறிது நேரம் அமிலத்தில் கிடந்தால் கோடு மெலிந்து காணும். நெடுநேரம் கிடந்தால் கோடு தடித்துக் கருக்கும். நைட்ரிக் அமிலம் எனில் கோடுகளின்மேல் சிறு குமிழிகள் எழும். அவற்றைப் பறவையின் இறகால் மெல்ல வருடி நீக்க வேண்டும். இல்லையேல் கோடு சீராக அரிபடாது. அவ்வமிலம் செம்பைத் தொடும்போது எழும் ஆவி நச்சுத்தன்மை உடையது. அதனால் இக்காலத்தில் பல கலைக்கூடங்களில் செம்புக்குப் பெரிக் குளோரைடுக் கரைசலையே பயன்படுத்துகின்றனர். கையுறையும் காற்றோட்டமும் எக்கரைசலுக்கும் இன்றியமையாதவை.

அரித்து முடிந்த தகட்டிலிருந்து மெழுகைக் களைந்து, சூடாக்கிய தகட்டின்மேல் மையைத் தேய்த்துப் பள்ளங்களில் நிரப்புகின்றனர். சல்லாத்துணியால் மேற்பரப்பைத் துடைக்கின்றனர். மிகுதியாகத் துடைத்தால் பள்ளத்தில் உள்ள மையும் வந்துவிடும். குறைவாகத் துடைத்தால் படம் மங்கிக் கறைபடும். பின்னர்த் தகட்டை அச்சுப்பொறியின் தட்டில் வைத்து, நீரில் நனைத்துப் பதமாக்கிய தாளை அதன்மேல் இட்டு, கம்பளியால் மூடி, இரண்டு இரும்பு உருளைகளுக்கு இடையே செலுத்துகின்றனர். மிகுந்த அழுத்தத்தால் நனைந்த தாள் பள்ளங்களுக்குள் புகுந்து மையை ஏற்கின்றது. கம்பளியை விலக்கித் தாளின் ஒரு முனையைத் தூக்கும் கணத்தில் கூடத்தில் உள்ள அனைவரும் வந்து சூழ்ந்துகொள்வர். ஏனெனில் அப்போது தோன்றும் உருவத்தை அதுவரை யாரும் கண்டதில்லை; அதனைச் செய்தவனும் கண்டதில்லை. மேலும் அவன் வலப்புறம் வரைந்தது இடப்புறமாகவும், இடப்புறம் வரைந்தது வலப்புறமாகவும் மாறி நிற்கும்.

முதற்படி பெரும்பாலும் ஏமாற்றமே தரும். நினைத்த இருள் வந்திராது. நினையாத கறை ஒன்று வந்திருக்கும். எழுதுகோலால் வரைந்த கோட்டை அழித்துவிடலாம். செம்பில் விழுந்த கோட்டை அழிப்பது எளிதன்று. தகட்டைச் சுரண்டித் தேய்த்து மெருகிட வேண்டும். ஆதலின் மாணவன் தன் பிழையை மறைத்துவிட்டு நகர முடியாது. அதன் முன் அமர்ந்து, அது எவ்வாறு நேர்ந்தது என்று ஆராய்ந்தே ஆக வேண்டும். மெழுகில் வெடிப்பு இருந்ததா? அமிலத்தில் காலம் மிகுந்ததா? துடைப்பில் தவறா? காரணம் கண்டவன் அடுத்த தகட்டில் அதனைத் தவிர்ப்பான். அறிவுடையவன் அதற்கும் மேலே செல்வான். தற்செயலாக வந்த கறை அழகுடையதாயின், அதனை வேண்டும்போது வேண்டும் இடத்தில் வருவிக்கக் கற்றுக்கொள்வான். பிழையாக வந்தது அன்று முதல் முறையாகிவிடும்.

ஆலந்து நாட்டின் பெரும்புலவர் போல ஓவிய உலகில் விளங்கிய இரெம்பிராண்டு இவ்வுண்மையைத் தம் வாழ்வில் காட்டினார். ஏசுநாதர் சிலுவையில் உயிர்விடும் காட்சியை 'மூன்று சிலுவைகள்' என்னும் பெயரால் அவர் 1653-இல் செப்புத் தகட்டில் கீறினார். அதிலிருந்து பல படிகள் எடுத்தார். சில ஆண்டுகள் சென்ற பின் அதே தகட்டை மீண்டும் கையில் எடுத்தார். முன்பு செய்த உருவங்கள் பலவற்றைத் தேய்த்து நீக்கினார், புதியவற்றைச் சேர்த்தார், கனத்த கோடுகளை மழைபோல் இறக்கிக் காட்சியின் பெரும்பகுதியை இருளில் ஆழ்த்தினார். தகடு ஒன்றுதான். ஆனால் அது தந்த ஓவியங்கள் வெவ்வேறு. புகழ்பெற்ற தம் படைப்பையே அழித்துத் திருத்தும் துணிவு அவருக்கு இருந்தது.

இந்தியக் கலைக்கல்லூரிகளில் அச்சோவியம் தனிக்கலையாக வேர்கொண்டதற்குச் சாந்திநிகேதனம் ஒரு காரணம். இரவீந்திரநாத தாகூர் 1919-இல் அங்குக் கலாபவனத்தைத் தோற்றுவித்தார். நந்தலால் போசு அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். தேர்வு, பட்டம் ஆகியவற்றைக் காட்டிலும் மரங்களையும் மாடுகளையும் சந்தால் மக்களின் வாழ்வையும் கண்ணால் கண்டு வரைவதையே அங்கு மாணவர்க்குச் சிறந்த பாடமாகக் கருதினர். நந்தலால் விலையுயர்ந்த பொருள்களை நாடவில்லை. தரையில் விரிக்கப் பயன்படும் லினோலியம் என்னும் விரிப்பையே வெட்டி அச்சோவியம் செய்தார். காந்தியடிகள் 1930-இல் உப்பு எடுக்கத் தண்டிக்கு நடந்தபோது, கைத்தடியுடன் அவர் நடக்கும் உருவத்தைக் கரிய பரப்பில் வெண்கோடுகளால் அமைத்தார். சில கோடுகளே அதில் உண்டு. ஆயினும் அடிகளின் உறுதி முழுவதும் அதில் உண்டு. அதே ஆண்டில் வெளிவந்த 'சகஜ பாட்' என்னும் வங்க மொழிச் சிறுவர் பாடநூலுக்கும் நந்தலாலின் லினோலிய அச்சோவியங்களே அணி செய்தன. தாகூர் எழுதிய அந்நூலின் வழியாக, எழுத்துக் கற்கும் குழந்தைகளின் கைக்கே கலை சென்று சேர்ந்தது.

அக்கலாபவனத்தில் பயின்றவருள் கிருஷ்ண ரெட்டியும் ஒருவர். அவர் 1925-இல், அக்காலச் சென்னை மாகாணத்தைச் சார்ந்த சித்தூர் மாவட்டத்தில், உழவர் வாழும் சிற்றூரில் பிறந்தவர். நந்தலாலிடம் பயின்ற பின் சென்னைக்கு வந்து கலாக்ஷேத்திரத்தில் ஓவியம் கற்பித்தார். பின்னர் இலண்டன் சென்று என்றி மூரிடமும், பாரிசு சென்று சாத்கினிடமும் சிற்பம் கற்றார். சிற்பியாகவே வாழ எண்ணியிருந்த அவரை, பாரிசு நகரில் இருந்த ஓர் அச்சோவியக் கூடம் தன்பால் ஈர்த்துக்கொண்டது.

அக்கூடத்தின் பெயர் 'அட்டெலியர் 17'. அதனை 1927-இல் தொடங்கியவர் ஆங்கிலேயரான வில்லியம் ஹெய்ட்டர். அவர் இலண்டனில் வேதியியலும் நிலவியலும் பயின்றவர். பாரசீக நாட்டில் எண்ணெய் நிறுவனம் ஒன்றில் பணியாற்றியவர். பின்பு அவ்வேலையை விட்டுப் பாரிசுக்கு வந்து கலைஞரானார். ஆயினும் வேதியியல் தந்த ஆராய்ச்சி மனம் அவரைவிட்டு நீங்கவில்லை. 1933-இல் கூடம் குடியேறிய தெருவில் அதன் கதவிலக்கம் 17. அவ்வெண்ணே கூடத்திற்குப் பெயராயிற்று. உலகப்போர் மூண்டதால் 1940-இல் நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்த ஹெய்ட்டர், 1950-இல் மீண்டும் பாரிசுக்குத் திரும்பினார். பிக்காசோ, மீரோ முதலிய பெருங்கலைஞர்களும் அங்கு வந்து பணியாற்றினர்.

அக்கூடத்தின் கல்விமுறை புதுமையானது. ஆசிரியர் மேடைமேல் நிற்க, மாணவர் கீழே அமர்ந்து கேட்கும் முறை அங்கு இல்லை. முதியவரும் இளையவரும் ஒரே கூடத்தில் அருகருகே பணியாற்றினர். ஒருவர் கண்ட உண்மையை மற்றவரிடம் மறைக்கவில்லை. புதிதாக வருபவர் எடுத்த எடுப்பில் ஓவியம் படைக்க முற்படுவதில்லை. சோதனைக்கென ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு, உளியால் கீறுதல், அமிலத்தால் அரித்தல், துணியின் நெசவை மெழுகில் பதித்தல் முதலியவற்றை ஒவ்வொன்றாக அதில் செய்து பார்ப்பர். அத்தகடு அழகுக்காக அன்று, அறிவுக்காக. அழகாக வர வேண்டும் என்னும் அச்சம் இல்லாத இடத்தில்தான் கை துணிந்து கற்கின்றது என்பது ஹெய்ட்டரின் முறையில் பொதிந்திருந்த உண்மை. வளைகோடு கீறும்போது உளி பிடித்த கையைத் திருப்பாமல், மற்றொரு கையால் தகட்டையே திருப்பும் பழைய செதுக்கு முறையையும் அவர் கற்பித்தார். பழைமையை நன்கு அறிந்தபின்னரே புதுமை தேடினார் என்பது இதனால் விளங்கும்.

அங்கு நடந்த சோதனைகளுள் ஒன்று அச்சோவிய வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றது. அதுவரை ஓவியத்தில் பல வண்ணங்கள் வேண்டுமாயின் ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிப் பலகையோ தகடோ செய்வதே பெரும்பான்மை வழக்கு. ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியங்களில் அவ்வாறே செய்தனர். அங்கு ஓவியர் வரைவார், செதுக்குவோர் வெட்டுவார், அச்சிடுவோர் பதிப்பார். வண்ணங்கள் இம்மியும் விலகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதற்குப் பெருந்திறமை வேண்டும். ஒரே தகட்டில், ஒரே அழுத்தத்தில் பல வண்ணங்களையும் ஏற்ற இயலாதா என்பது ஹெய்ட்டரின் கூடத்தில் எழுந்த வினா.

கிருஷ்ண ரெட்டியும், அங்குப் பணியாற்றிய மற்றோர் இந்தியரான கைக்கோ மோத்தியும், ஹெய்ட்டரும் இவ்வினாவை விடாது ஆராய்ந்தனர். அச்சு மையில் ஆளிவிதை எண்ணெயை மிகுதியாகச் சேர்த்தால் மை இளகும், குறைத்தால் இறுகும். இதனை மையின் பாகுநிலை என்பர். இளகிய மை பூசிய இடத்தின்மேல் இறுகிய மையை உருட்டினால் அது அங்கு ஒட்டாது விலகிவிடுகின்றது என்பதை அவர்கள் கண்டனர். இதனோடு உருளைகளின் இயல்பையும் இணைத்தனர். வன்மையான உருளை தகட்டின் மேட்டை மட்டுமே தொடும். மென்மையான உருளை அழுந்திப் பள்ளத்தின் அடிவரை செல்லும். எனவே தகட்டை வெவ்வேறு ஆழங்களில் செதுக்கி, வன்மையான உருளையால் இளகிய மையை மேட்டிற்கும், மென்மையான உருளையால் இறுகிய மையைப் பள்ளத்திற்கும் இட்டனர். மேட்டில் இருந்த இளகிய மை இறுகிய மையை ஏற்கவில்லை. இரண்டு வண்ணங்களும் தத்தம் இடத்திலேயே நின்றன. மிக நுண்ணிய கோடுகளில் முன்னரே வேறொரு மை நிரப்பப்பட்டிருந்தது. தகடு ஒரே முறை அச்சுப்பொறியினுள் சென்று வந்தது. வண்ணங்கள் பலவும் ஒருங்கே தாளில் மலர்ந்தன.

எண்ணெய் கூடிய மை, எண்ணெய் குறைந்த மை என்பது கேட்பதற்கு எளிய செய்தி. ஆனால் அதனைக் கண்டறிய எத்தனை தகடுகள் கறைபட்டிருக்கும், எத்தனை தாள்கள் வீணாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மையும் மையும் கலந்து சேறாகிய தாளைக் கண்டு மனம் தளர்ந்திருந்தால் இம்முறை பிறந்திராது. சிற்பம் கற்ற கிருஷ்ண ரெட்டி, செப்புத் தகட்டையும் சிற்பி கல்லைச் செதுக்குவது போலவே ஆழ ஆழமாகச் செதுக்கினார். சிற்பியின் உளியே அவருக்கு வண்ணங்களைப் பிரித்துத் தந்தது. 1963-இல் அவர் படைத்த 'நீர்ச்சுழி' என்னும் ஓவியத்தில் நீர் சுழன்று ஒரு மையத்தை நோக்கிப் பாய்வதும், அச்சுழற்சியில் வண்ணங்கள் மின்னி மறைவதும் காண்போர் கண்ணைக் கவர்வன. அவர் பின்னாளில் நியூயார்க்குப் பல்கலைக்கழகத்தில் அச்சோவியம் கற்பித்தார். 1972-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2018-இல் தம் 93-ஆம் வயதில் அவர் மறைந்தார். தாம் கண்ட முறையை அவர் மறைத்து வைத்துக்கொள்ளவில்லை. பல நாடுகளிலும் வகுப்பு நடத்தி, வேண்டியவர்க்கெல்லாம் கற்பித்தார். இன்று உலகெங்கும் கலைக்கல்லூரிகளில் அது பாடமாக விளங்குகின்றது.

இதே கூடத்தில் 1960-களில் பயின்றவர் சரீனா ஹாஷ்மி என்னும் பெண்மணி. 1937-இல் அலிகாரில் பிறந்த அவர் கல்லூரியில் பயின்றது கணிதம். கணிதத்தின் ஒழுங்கும் கோட்டின் தூய்மையும் அவருடைய ஓவியங்களில் என்றும் விளங்கின. நாடு விட்டு நாடு சென்று வாழ்ந்த அவர், இழந்த வீட்டின் நினைவையே பொருளாகக் கொண்டு 1999-இல் 36 மரச்செதுக்கு ஓவியங்களைப் படைத்தார். வாயில், முற்றம், வாசற்படி போன்ற எளிய சொற்களை உருது எழுத்தில் பொறித்து, அவற்றோடு சில கோடுகளை மட்டும் சேர்த்தார். அக்கோடுகளைக் காண்பவர் தம் வீட்டையே நினைந்து நிற்பர்.

சோதனை என்பது புதிய வண்ணங்களையும் புதிய கருவிகளையும் தேடுவது மட்டும்தானா? அன்று என்பதற்குச் சோமநாத் ஹோரின் வாழ்வு சான்று. அவர் 1921-இல், இன்று வங்காளதேசத்தில் உள்ள சிட்டகாங்கில் பிறந்தார். 1943-இல் வங்காளத்தைக் கொடிய பஞ்சம் தாக்கியது. இலட்சக்கணக்கானோர் உணவின்றி மாண்டனர். தெருவோரங்களில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்களை இளைஞரான சோமநாத் கண்டார், கண்டதை வரைந்தார். பின்னர்க் கல்கத்தாக் கலைப்பள்ளியில் சேர்ந்து அச்சோவியம் பயின்றார். தில்லியில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்துவிட்டு, சாந்திநிகேதனக் கலாபவனத்தில் அச்சோவியப் பகுதியின் தலைவரானார். மரச்செதுக்கு, செப்பு அச்சு, கல்லச்சு ஆகிய அனைத்திலும் அவர் தேர்ந்தவர். ஆயினும் இளமையில் கண்ட துயரம் அம்முறைகளுள் அடங்கவில்லை. காகிதத்தின்மேல் காயத்தை வரைந்து காட்டுவது அவருக்குப் போதவில்லை. காகிதமே காயப்பட வேண்டும் என்று அவர் மனம் தவித்தது.

1970-களில் அதற்கு ஒரு வழி கண்டார். களிமண்ணாலோ மெழுகாலோ ஒரு பரப்பை அமைத்தார். அதனைக் கத்தியால் கீறினார், குத்தினார், காய்ச்சிய கம்பியால் சுட்டார். அப்பரப்பிலிருந்து சிமிட்டியால் அச்சுக் கட்டை எடுத்தார். அக்கட்டையின்மேல் வெண்ணிறக் காகிதக் கூழைப் பரப்பி அழுத்தி உலரவிட்டார். உலர்ந்த தாளை எடுத்தபோது கீறலும் குத்தும் தாளின் உடலிலேயே வடுக்களாக நின்றன. மை இல்லை, அச்சுப்பொறி இல்லை, வெண்மையின்மேல் வெண்மையே இருந்தது. சிலவற்றில் மட்டும் சிறிது செந்நிறம் கசிந்து நின்றது. 'காயங்கள்' எனப் பெயரிட்ட அவ்வரிசையில் மனித உருவம் ஒன்றும் தெளிவாக இல்லை. ஆயினும் தாளின்மேல் சாய்ந்து விழும் ஒளியில் அவ்வடுக்களைக் காண்பவர் கை, தாமாகவே தம் உடலைத் தடவிப் பார்க்கும். முப்பது ஆண்டுகளாக நெஞ்சில் ஆறாதிருந்த துயரம் தனக்கு உரிய பொருளை அப்போதுதான் கண்டுகொண்டது. அவர் செய்த சோதனை கருவிக்காகச் செய்தது அன்று. சொல்ல வேண்டிய ஒன்று நெஞ்சில் இருந்தது; அதனைச் சொல்லப் பழைய வழி போதவில்லை; ஆகையால் புதிய வழி தேடினார்.

அச்சோவியம் கற்பவனுக்கு இன்னும் ஒரு பாடம் உண்டு. அது நேர்மை பற்றியது. தகடு நிறைவுற்ற பின் இத்தனை படிகளே எடுப்பது என்று கலைஞன் உறுதி செய்துகொள்கின்றான். 25 படிகள் எனில், ஒவ்வொன்றின் அடியிலும் 1/25, 2/25 என்று எழுதுகோலால் எண்ணிட்டுத் தன் பெயரை எழுதுகின்றான். எண்ணிக்கை முடிந்ததும், மேலும் படி எடுக்க இயலாதவாறு தகட்டின் குறுக்கே கோடு கீறிவிடுவது வழக்கம். பல நாள் உழைத்து உருவாக்கிய தகட்டைத் தன் கையாலேயே கீறுவது எளிய செயலன்று. அடுத்த நாள் யாரும் அறியாமல் இன்னும் பத்துப் படிகள் எடுத்தால் கேட்பவர் இலர். ஆயினும் வாங்கியவர்க்குக் கொடுத்த சொல்லைக் காப்பதற்காக அவன் அக்கோட்டைக் கீறுகின்றான். அக்கோடும் அவனது கலையின் ஒரு பகுதியே ஆகும்.

கலைக்கல்லூரியில் அச்சோவியம் பயிலும் மாணவரும் மாணவியரும் அனைவரும் பெருங்கலைஞர் ஆகிவிடுவதில்லை. ஆயினும் அக்கூடத்தில் சில ஆண்டுகள் பணியாற்றியவர் சில பண்புகளைப் பெறாமல் வெளியேறுவதில்லை. தகட்டைத் துடைக்கும் சிறு வேலையையும் செவ்வனே செய்யக் கற்கின்றனர். அச்சுப்பொறியைப் பலரும் பகிர்ந்துகொள்வதால், தம் முறை வரும்வரை காத்திருக்கவும், தாம் பயன்படுத்திய மேசையை அடுத்தவருக்காகத் தூய்மை செய்துவைக்கவும் பழகுகின்றனர். நினைத்தது ஒன்றாகவும் வந்தது ஒன்றாகவும் இருக்கும்போது வந்ததை வெறுத்து எறியாமல், அதனைக் கூர்ந்து நோக்கி உண்மை காண்கின்றனர்.

இரெம்பிராண்டின் தகட்டிலும், கிருஷ்ண ரெட்டியின் உருளைகளிலும், சோமநாத் ஹோரின் காகிதக் கூழிலும் ஒரே உண்மை விளங்குகின்றது. கற்றதை அவ்வாறே திரும்பச் செய்வதில் திறமை வளரும். கற்றதைக் கொண்டு கல்லாததைத் தேடுவதில் கலை வளரும். அத்தேட்டத்தில் தாள்கள் பல வீணாகலாம். அவற்றை அறிந்தே வீணாக்கத் துணிந்தவர் கையில்தான், ஒரு நாள், கம்பளியை விலக்கித் தாளைத் தூக்கும்போது, உலகம் முன்பு கண்டிராத ஒன்று தோன்றுகின்றது.